தாங்கும் அளவுக்குப் பந்தயம்

திங்கள்சந்தை
12-2-1933

கர்த்தருக்குள் பிரியமான தம்பி தங்கையனுக்கு,

அக்காள் நேசம் எழுதிக்கொண்டது. நான் சுகம். உன் நெஞ்சுச்சளி குறைந்ததா? மலைக் குளிரில் காதை மூடாமல் திரியாதே.

உன் அத்தான் போன வாரம் தூத்துக்குடியில் கப்பல் ஏறினார்கள். இதற்குள் பதுளைக்கு வந்து உன் தோட்டத்தில் சேர்ந்திருப்பார்கள். தேயிலைக் கொழுந்து நிறுக்கிற வேலை இருக்கிறது என்று நீ எழுதியதிலிருந்து அவர்களுக்கு இருப்புக் கொள்ளவில்லை. “எனக்க மச்சினன் எழுதின எழுத்துக்குத் துரை வேலை தருகான், பாத்தியாட்டி!” என்று உன் கடிதத்தைச் சபை முழுக்கக் காட்டிக்கொண்டு நடந்தார்கள். முத்துநாயகம் சிலோனுக்குப் போகிறான் என்றதும் நம்மை ஏறெடுத்துப் பார்க்காதவர்களெல்லாம் வந்து கைகொடுத்தார்கள்.

எங்கள் நிலைமை உனக்குத் தெரியும். கல்யாணமாகி ஒன்பது வருஷம், பிள்ளையில்லை. மூத்தவர் வீட்டில் ஒரு மூலை. அறைக்குக் கதவு கிடையாது, என் பழைய சேலையைத் தொங்கவிட்டிருக்கிறேன். ஓர்ப்படியாள் எந்த நேரமும் அதை விலக்கிப் பார்ப்பாள். கிழக்கே எட்டு சென்ட் எங்கள் பங்கு கிடக்கிறது. அதில் இரண்டு அறை, ஒரு கதவு. அது போதும். இரண்டு வருஷத்துக்கு என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன்.

அவர்கள் யாரையும் நம்புவார்கள். மனசில் இருப்பது அப்படியே முகத்தில் தெரிந்துவிடும். அம்மா போனபிறகு உன்னை நான் பார்த்துக்கொண்டதுபோல நீ அவர்களைப் பார்த்துக்கொள்.

உன் நலத்துக்காக ஜெபிக்கும் அக்காள்,
நேசம்

~

பதுளை
5-3-1933

பாசமுள்ள அக்காளுக்கு,

தங்கையன் வணக்கம். அத்தான் வந்து சேர்ந்தார். கப்பலில் வாந்தி எடுத்து இளைத்திருந்தார், இப்போது தேறிவிட்டார். என் குவார்ட்டர்ஸுக்கு அடுத்ததுதான் அவருக்கு. கொழுந்துக்காரப் பெண்களுக்கு அவரைப் பிடித்துவிட்டது. தராசில் யாருக்கும் குறைத்துப் பார்க்க மாட்டார்.

உனக்கு இத்துடன் பத்து ரூபாய் மணியார்டர் செய்திருக்கிறேன். சம்பளத்தில் மிச்சம் பிடித்தது என்று பொய் சொல்ல மனமில்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் டீமேக்கர் ததேயுஸ் வீட்டில் நாங்கள் ஐந்தாறு பேர் சீட்டுப் போடுவோம். ததேயுஸ் குளச்சல்காரர். துரைமார் கிளப்பில் ஆடுகிற போக்கர் என்கிற ஆட்டம். ஆளுக்கு ஐந்து சீட்டு. வேண்டாததைப் போட்டுவிட்டு வேறு வாங்கலாம். பிறகு பந்தயம். ஒருவன் வைத்ததை நாம் ஒத்துக்கொள்ளலாம், மேலே ஏற்றலாம், இல்லையென்றால் சீட்டைக் கவிழ்த்துவிடலாம். இவ்வளவுதான் வைக்க வேண்டும் என்று கட்டு கிடையாது. முன்னால் இருக்கிற பணம் முழுவதையும்கூடத் தள்ளலாம்.

எல்லாரும் மோசமான சீட்டு வந்தால்தான் கஷ்டம் என்று நினைக்கிறார்கள். அதைக் கவிழ்த்துவிட்டால் தீர்ந்தது. நல்ல சீட்டு வரும்போதுதான் புத்தி வேண்டும். அதிகம் வைத்தால் எதிராளி பயந்து ஓடிவிடுவான். குறைவாக வைத்தால் அவன் சிரித்துக்கொண்டே தோற்றுப்போவான், நமக்கும் பலன் இருக்காது. அவன் எவ்வளவு தாங்குவான் என்று பார்த்து அதை வைக்க வேண்டும். தோட்டத்தில் மருந்து கொடுக்கிற டிஸ்பென்சர் ஐந்து ரூபாய்க்குக் கண்ணை மூடிக்கொண்டு வருவார், ஆறு என்றால் எழுந்துவிடுவார். இங்கே இது என்னைப்போல் தெரிந்தவன் யாருமில்லை என்று ததேயுஸே சொல்கிறார்.

கோபப்படாதே. குடிப்பதில்லை, கோயிலுக்கும் போகிறேன். உன் தலைவலிக்கு இங்கிருந்து தைலம் அனுப்பட்டுமா?

உன் தம்பி,
தங்கையன்

~

திங்கள்சந்தை
9-4-1933

பிரியமான தம்பிக்கு,

உன் சுகம் அறிந்து சந்தோஷம். இங்கே வெயில் கடுமை. தைலம் வேண்டாம், தலைவலி அதுவாகப் போகும்.

நீ எழுதியதை மூன்று தடவை வாசித்தேன். உனக்கு இந்தப் புத்தி எங்கிருந்து வந்தது என்று தெரியும். திங்கள்சந்தையில் வெடைக்கோழி விற்கும்போது நானும் அதைத்தான் செய்கிறேன். வாங்க வருகிறவள் கோழியைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பவும் தூக்கினால் இரண்டு அணா கூட்டிச் சொல்லுவேன். மூன்றணா கூட்டினால் போய்விடுவாள் என்றும் தெரியும். ஆனால் மக்கா, நான் அவளுக்குக் கோழி கொடுக்கிறேன். நீ அவர்களுக்கு என்ன கொடுக்கிறாய்?

பத்து ரூபாயைத் திருப்பி அனுப்ப நினைத்தேன். அனுப்பவில்லை. அஸ்திவாரக் கல்லுக்கு எடுத்து வைத்தேன், என்னைக் கர்த்தர் மன்னிக்கட்டும்.

ஒரே ஒரு காரியம் கேட்கிறேன். உன் அத்தானை அந்த இடத்தில் உட்கார விடாதே. வார்த்தை கொடு.

அன்புடன் அக்காள்,
நேசம்

~

பதுளை
21-5-1933

அக்காளுக்கு,

சுகம். உன் சுகம் எழுது. வார்த்தை கொடுத்தேன். அத்தான் எனக்குப் பின்னால் முக்காலி போட்டு உட்கார்ந்து பார்ப்பார், அவ்வளவுதான். நான் ஜெயித்தால் அவர் முதுகில் தட்டுவார். ஞாயிற்றுக்கிழமை தனியாக அறையில் கிடந்து உன்னை நினைத்துக்கொண்டிருப்பதற்கு இது மேல்.

வேலை அதிகம். தேயிலை விலை விழுந்துவிட்டது. துரை கணக்குப் புத்தகத்தை ஓயாமல் கேட்கிறார்.

தம்பி,
தங்கையன்

~

திங்கள்சந்தை
6-8-1933

தம்பி தங்கையனுக்கு,

அக்காளின் வாழ்த்து. மழை நின்றது. நான் சுகமாக இருக்கிறேன்.

உன் அத்தான் முப்பது ரூபாய் எட்டணா அனுப்பியிருக்கிறார்கள். “இது சீட்டில் கிடைத்தது, உன் தம்பியையே தோற்கடித்தேன்” என்று எழுதியிருக்கிறார்கள். எழுத்தே துள்ளுகிறது. ஒன்பது வருஷத்தில் அவர்கள் எதையும் இப்படிப் பெருமையாக எழுதி நான் பார்த்ததில்லை.

நீ கொடுத்த வார்த்தை என்னவாயிற்று? அவர்கள் உன்னைத் தோற்கடித்தார்கள் என்பதை நான் நம்ப வேண்டுமா? உண்மையை எழுது.

அஸ்திவாரம் போட்டாயிற்று. கொத்தனார் ஐயப்பன் முழம் போட்டு அளக்கும்போது பக்கத்திலேயே நின்றேன். ஓர்ப்படியாள் வேலிக்கு அப்பால் நின்று பார்த்தாள்.

நேசம்

~

பதுளை
3-9-1933

அக்காளுக்கு,

நலம், நலமறிய ஆசை.

உண்மையைத்தான் எழுதுகிறேன். ஒருநாள் ஆள் குறைந்தது, ததேயுஸ் அத்தானைக் கூப்பிட்டார். தடுக்க முடியவில்லை. அவர் தோற்கக் கூடாது என்று, நல்ல சீட்டு இருந்தும் மூன்று நான்கு தடவை கவிழ்த்துவிட்டேன். அவருக்கு அது தெரியாது. ஜெயித்த அன்று அவர் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். நீ இதை அவருக்கு எழுதிவிடாதே, மனசு ஒடிந்துபோகும்.

இனி போதும் என்று சொல்லிவிடுகிறேன்.

தங்கையன்

~

திங்கள்சந்தை
12-11-1933

தம்பிக்கு,

உடம்பு எப்படி இருக்கிறது? இங்கே எல்லாரும் சுகம்.

ஆறு வாரமாக உன் அத்தானிடமிருந்து ஒரு வரி இல்லை. நீயும் எழுதவில்லை. சிலோன் தோட்டங்களிலிருந்து ஆட்களை நிறுத்தி அனுப்புகிறார்கள் என்று சந்தையில் பேச்சு. மணவாளக்குறிச்சிக்காரர் ஒருவர் பெட்டியோடு திரும்பி வந்துவிட்டாராம். உங்கள் தோட்டத்தில் என்ன நிலைமை? அவர்களுக்குக் காய்ச்சல் ஏதுமா? இந்தக் கடிதம் கண்டதும் பதில் போடு.

அக்காள்

~

பதுளை
3-12-1933

அன்புள்ள அக்காளுக்கு,

நான் சுகம். நீ கலங்காதே.

இங்கே ஆட்களைக் குறைத்தது உண்மை. அத்தானையும் நிறுத்திவிட்டார்கள். அவர் கேகாலைப் பக்கம் வேறு வேலைக்குப் போயிருக்கிறார். உள்காடு, தபால் வசதி இல்லை. பணம் என் மூலமாக மாதாமாதம் வரும். இத்துடன் ஐம்பது ரூபாய் அனுப்பியிருக்கிறேன். சுவரை எழுப்பு.

குளிர் அதிகம். விரல் மடங்கவில்லை, அதனால் சுருக்கமாக எழுதுகிறேன்.

தங்கையன்

~

திங்கள்சந்தை
18-3-1934

தம்பி தங்கையனுக்கு,

உன் விரல் இப்போது மடங்குகிறதா? சுகத்துக்கு எழுது.

பணம் தவறாமல் வருகிறது. சுவர் ஜன்னல் மட்டத்துக்கு எழும்பிவிட்டது. மணியார்டர் துண்டில் உன் கையெழுத்துத்தான் இருக்கிறது. அடுத்த தடவை அவர்களை ஒரு வரி எழுதச் சொல். சமாச்சாரம் ஒன்றும் வேண்டாம். “நேசத்துக்கு” என்று எழுதினால் போதும்.

வேறு விசேஷமில்லை.

அக்காள்

~

திங்கள்சந்தை
14-10-1934

தம்பிக்கு,

கர்த்தர் உன்னைக் காப்பாராக. என் சுகத்துக்குக் குறைவில்லை.

மார்ச்சில் எழுதினேன், மே மாதம் எழுதினேன், ஆகஸ்டில் எழுதினேன். பணம் வந்தது, பதில் வரவில்லை.

வீடு முடிந்தது. ஓடு போட்டாயிற்று. பலா மரத்தில் கதவு. போன ஞாயிறு பாதிரியார் வந்து ஜெபம் செய்தார். எல்லாரும் சாப்பிட்டுப் போனபிறகு கதவைச் சாத்திவிட்டு உள்ளே உட்கார்ந்திருந்தேன். ஒருவரும் வந்து விலக்கிப் பார்க்கவில்லை. அந்த அமைதி எனக்குப் பயமாக இருந்தது தங்கையா.

கிறிஸ்துமஸுக்கு அவர்களைக் கூட்டிக்கொண்டு வா. பணம் வேண்டாம். இனி அனுப்பினால் திருப்பிவிடுவேன். ஆளை அனுப்பு.

அக்காள்

~

பதுளை
20-1-1935

அக்காளுக்கு,

சுகம் கேட்டு எழுத எனக்கு யோக்கியதை இல்லை.

அத்தான் போய்விட்டார் அக்கா. டிசம்பர் இருபத்தொன்றாம் தேதி, கேகாலைக்குப் பக்கத்தில், மலேரியாக் காய்ச்சல். அந்தப் பக்கம் ஊர் ஊராகச் சாகிறார்கள். நான் இருபத்து மூன்றாம் தேதி போய்ச் சேர்ந்தேன். மண் காயவில்லை.

நடந்ததை முதலிலிருந்து எழுதுகிறேன். வாசித்து முடித்தபிறகு என்ன வேண்டுமானாலும் சொல்.

1933 அக்டோபர் பதினான்காம் தேதி சனிக்கிழமை துரை பதினெட்டுப் பேரை நிறுத்தினார். அந்தப் பட்டியலை நகல் எடுத்தவன் நான். அத்தான் பெயரையும் என் கையாலேயே எழுதினேன். அவருக்குச் சேரவேண்டிய சம்பளமும் அவர் சேர்த்ததுமாக இருநூற்றுச் சொச்சம் ரூபாய் இருந்தது. செவ்வாய்க்கிழமை ரயிலுக்கு நான்தான் டிக்கெட் வாங்கினேன். நேராக உன்னிடம் வந்திருப்பார்.

மறுநாள் ஞாயிறு. மழை. ததேயுஸ் வீட்டில் வழக்கம்போல உட்கார்ந்தோம். அத்தானும் மடியில் பணத்தோடு வந்தார். “வேண்டாம் அத்தான், எழும்பிப் போங்க” என்றேன்.

“ஒரு மணிக்கூர் மக்கா. வெறுங்கையா போனா எப்பிடி? ஒனக்க அக்காவுக்கு ஓடு வாங்கணும்லா. நான் ஒன்னையே ஜெயிச்சவனாக்கும்” என்று சிரித்தார். நான் கவிழ்த்துக் கொடுத்த சீட்டுகள் அவரை அங்கே கொண்டுவந்து உட்கார வைத்திருந்தன.

நாலு மணி சுமாருக்கு எனக்கு மூன்று ஜாக்கியும் இரண்டு ஒன்பதும் வந்தன. அத்தான் தம்முடைய சீட்டைப் பார்த்தார். நீ எழுதினாயே, மனசில் இருப்பது முகத்தில் தெரியும் என்று. தெரிந்தது. பிறகு விரித்தபோது பார்த்தேன், ஐந்தும் ஆட்டின், இதயச் சீட்டு. பெரிய கைதான், ஆனால் என் கைக்கு ஒரு படி கீழே. மற்றவர்கள் கவிழ்த்துவிட்டார்கள். நாங்கள் இரண்டு பேர்.

நான் கவிழ்த்திருக்கலாம். அல்லது முன்னால் இருந்ததையெல்லாம் ஒரே தள்ளாகத் தள்ளியிருந்தால் அவர் பயந்து எழுந்திருப்பார். இரண்டில் எதைச் செய்திருந்தாலும் செவ்வாய்க்கிழமை ரயில் ஏறியிருப்பார்.

நான் பதினைந்து ரூபாய் வைத்தேன். அவருக்குப் பயம் வராத தொகை அது.

அவர் ஒத்துக்கொண்டு மேலே இருபது ஏற்றினார். நான் யோசிப்பவனைப்போல நெற்றியைத் தேய்த்துக்கொண்டு, மனமில்லாதவனைப்போல இன்னும் முப்பது வைத்தேன். அப்போது அத்தான் குனிந்து, மற்றவர்களுக்குக் கேட்காமல் என்னிடம் சொன்னார்: “மக்கா, நீ எறங்கிக்கோ. எனக்க கை கொள்ளாம், நல்ல சீட்டாக்கும். ஒனக்க சம்பளம் போவும்.”

என்மேல் இரக்கப்பட்டுச் சொன்னார் அக்கா.

அதைக் கேட்டபிறகும் நான் இறங்கவில்லை. அவர் மிச்சம் முழுவதையும் தாமாகவே தள்ளினார். நான் ஒத்துக்கொண்டு சீட்டை விரித்தேன். ததேயுஸ் வெற்றிலையை வாயில் வைத்தபடி மெல்லாமல் இருந்தார். அத்தான் என் சீட்டுகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். “செரி” என்றார். எழுந்து குடையை எடுக்காமல் மழையில் நடந்து போனார்.

ஏன் செய்தேன் என்று பதினைந்து மாதமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். அவரை நான் எதிராளியாக நினைக்கவில்லை. அந்த நேரத்தில் அவரை நினைக்கவே இல்லை. கை நன்றாக இருந்தது. எவ்வளவு வைத்தால் வருவார் என்று தெரிந்தது. வைத்தேன். அவ்வளவுதான்.

அவர் எழுந்து போனபிறகுதான் எனக்கு உறைத்தது. பணத்தைப் பொறுக்கிக்கொண்டு அவர் குவார்ட்டர்ஸுக்கு ஓடினேன். “இது ஒங்க பணம் அத்தான். நான் திருப்பித் தரணும்னுதான் இருந்தேன்” என்றேன். அவர் ஈரச் சட்டையோடு கட்டிலில் இருந்தார். என் முகத்தைப் பார்த்தார்.

“முந்தி நீ எனக்கிட்டத் தோத்தியே, அதும் இப்பிடிக் குடுத்ததுதானா?”

நான் பணத்தை அவர் பக்கத்தில் கட்டிலில் வைத்தேன்.

“அப்போ நான் ஒரு நாளும் ஜெயிக்கல்லியாடே?” என்றார். பிறகு, “போ மக்கா, போய்ப் படு. சீட்டில போனத நான் வாங்கப்பிடாது” என்றார். கோபமே இல்லை. கோபப்பட்டிருந்தால் காலில் விழுந்திருப்பேன்.

திங்கள் காலையில் அறை திறந்து கிடந்தது. ரயில் டிக்கெட் என் கதவிடுக்கில் செருகியிருந்தது. எங்கே போனார் என்று ஒருவருக்கும் தெரியவில்லை. கேகாலைப் பக்கம் ரோடு வேலையில் பார்த்ததாக நவம்பரில் ஒரு லாரிக்காரன் சொன்னான். ஆள் அனுப்பினேன். “வரமாட்டேன், தோற்ற தொகை திரும்பச் சேர்ந்ததும் நானே ஊருக்குப் போவேன், நேசத்திடம் ஒன்றும் சொல்ல வேண்டாம்” என்று சொல்லி அனுப்பினார். நானே நேரில் போயிருக்க வேண்டும். அந்த முகத்தைப் பார்க்கத் தைரியமில்லாமல் ஒரு வருஷம் போகவில்லை. உன் அக்டோபர் கடிதத்தை இரண்டு மாதம் மடியில் வைத்துக்கொண்டிருந்து, கடைசியில்தான் புறப்பட்டேன்.

உனக்கு முதலில் அனுப்பியது அவரிடம் நான் ஜெயித்த பணம். அது தீர்ந்தபிறகு என் சம்பளம். அன்றைக்குப் பிறகு சீட்டைத் தொடவில்லை. அதைப் புண்ணியமாகச் சொல்லவில்லை.

அவர் சாப்பிட்டுவந்த கடைக்காரர் ஒரு பொதி கொடுத்தார். ஒரு சட்டை, புதிய ஏற்பாடு, துணியில் முடிந்த பணம். முடிச்சை நான் அவிழ்க்கவில்லை. அப்படியே பார்சலில் வருகிறது.

தங்கையன்

~

திங்கள்சந்தை
3-3-1935

தங்கையனுக்கு,

நேசம் எழுதுவது. பார்சல் வந்து சேர்ந்தது.

ஓர்ப்படியாள்தான் வந்து கூடப் படுத்துக்கொள்கிறாள். நான் அழாதபோது அவள் அழுகிறாள். காய்ச்சலில் போனார்கள் என்று மட்டும் ஊருக்குச் சொல்லியிருக்கிறேன். அது பொய்யில்லை. மற்றது எனக்கும் உனக்கும்தான். சட்டையை இன்னும் துவைக்கவில்லை.

நீ எழுதியதற்கு நானும் ஒன்று எழுத வேண்டும். அவர்கள் பணம் அனுப்பினால் ரூபாயோடு நாலணாவோ எட்டணாவோ சேர்த்து, “கருப்பட்டி வாங்கித் தின்னு” என்று எழுதுவார்கள். உன் பணம் முழு ஐம்பதாக, முழு நாற்பதாக வந்தது. மூன்றாவது மாதமே தெரிந்துவிட்டது, இது அவர்கள் பணமில்லை என்று. அவர்களுக்கு என்னமோ நடந்திருக்கிறது என்றும் தெரிந்தது. அழுத்திக் கேட்டால் நீ சொல்லியிருப்பாய். பணம் நின்றுபோகும் என்று பயந்தேன். சுவர் பாதியில் நின்றது. ஒரு வரி எழுதச் சொல் என்று மெதுவாகக் கேட்டுவிட்டு, கொத்தனாருக்குக் கூலி கொடுக்கப் போனேன். கூரை ஏறியபிறகுதான் ஆளை அனுப்பு என்று உரக்கக் கேட்டேன். தெரிந்த அன்றே அப்படி ஒரு தபால் போட்டிருந்தால், நானே கப்பல் ஏறியிருந்தால்... இதை யாரிடம் சொல்ல? உன்னிடம்தான் சொல்ல முடிகிறது. அதுவும் எனக்குச் சகிக்கவில்லை.

நீ அவர்களைக் கொன்றாய் என்று எழுதக் கை வரவில்லை. இல்லை என்று எழுதவும் வரவில்லை. உன்னை ஆறு வயதுவரை இடுப்பில் தூக்கி வளர்த்தேன். உன் கடிதத்தை வாசிக்க இப்போது என்னால் முடியவில்லை. ஆகையால் இனி எனக்குக் கடிதம் எழுதாதே. நானும் எழுதமாட்டேன். ஊருக்கும் வராதே, இப்போது வராதே. எப்போது என்று எனக்குத் தெரியாது.

ஆனால் ஒன்று. பதினாலு மாதம் ஒரு ஆள் இருக்கிறாரா இல்லையா என்று தெரியாமல் தபால்காரனைப் பார்த்துக்கொண்டு வாசலில் நின்றேன். இன்னொரு தடவை என்னால் முடியாது. அதனால் மாதம் பிறந்ததும் ஒரு கார்டு போடு. விலாசம் மட்டும் உன் கையால் எழுது. மறுபக்கம் ஒன்றும் வேண்டாம். சுகமா என்று கேட்காதே, சுகம் என்று சொல்லாதே. கார்டு வந்தால் நீ உயிரோடிருக்கிறாய் என்று தெரிந்துகொள்வேன்.

காதை மூடிக்கொண்டு படு.

நேசம்

~

(தபால் கார்டு. பதுளை முத்திரை, 1-4-1935.)

பெறுநர்:
திருமதி முத்துநாயகம் நேசம்
புது வீடு, திங்கள்சந்தை
திருவிதாங்கூர்

(மறுபக்கத்தில் எழுத்து இல்லை.)